மணமானபின் மேடையை விட்டு விலகினார்

இந்தத் தலைப்பு நான் எழுதிய வரிதான். ஆங்கிலத்தில் எழுதினேன். தடித்த அட்டையில் அச்சடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நடிகையின் புகைப்படத்துக்குக் கீழே என் கையாலேயே வைத்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரிந்தபோது கண்காட்சி திறக்க மூன்று நாள்தான் இருந்தது. நாங்கள் அமெரிக்காவில் இருப்பதா, மூட்டை கட்டுவதா என்ற கேள்வியும் அந்த ஒரு வரியில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்தொன்று மார்ச் மாதம். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் ஒரு கன்சல்டிங் கம்பெனி வழியாக வந்த கம்ப்யூட்டர்காரர். மகள் ஒன்றாம் வகுப்பு. நான் எச் ஃபோர், அதாவது வேலைக்கு வந்தவரின் மனைவி என்ற விசா. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் மூச்சு விடலாம், கார் ஓட்டலாம், கத்திரிக்காய் வாங்கலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது.

அந்த வருடம் ஜனவரியிலிருந்தே யாரைப் பார்த்தாலும் லே-ஆஃப் பேச்சுதான். கோயிலில், இந்தியன் ஸ்டோரில், குழந்தைகளின் பிறந்தநாள் பார்ட்டியில், எல்லா இடத்திலும் வியாதியைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். என் கணவரின் ப்ராஜெக்ட் ஏப்ரல் கடைசியில் முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது கிடைக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கிய நாங்கள் இருவரும் கூடவே போவோம். போன் அடித்தாலே வீட்டில் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

ஒரே ஒரு வழி இருந்தது. அது நான்.

நான் சென்னையில் நூலக அறிவியலில் முதுகலை படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் நூலகராக இருந்தவள். இங்கே வந்து இரண்டு வருடம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் நூலகத்துக்குப் போய், சம்பளம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டேன். எந்தக் கல்லூரி என்று யோசிக்க வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற, உலகத்துக்கே தெரிந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகம் இல்லை. அதன் வாசலைக் காரில் கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கும் அரிய காகிதங்களுக்கும் தனிப் பிரிவு இருந்தது. அதற்குத் தலைவி அறுபதை நெருங்கிய ஒரு அமெரிக்க அம்மாள். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் பென்சில், ஏனென்றால் அந்த அறைக்குள் பேனா கொண்டுவரக் கூடாது. சிரிப்பது அபூர்வம். பாராட்டுவது அதைவிட அபூர்வம். இரண்டு வருடம் வாரத்தில் மூன்று நாள் அவரோடு வேலை செய்த பிறகு, புதிதாக வந்திருக்கும் கேட்டலாகர் வேலையை எனக்கே தருவதாக ஒருநாள் சொன்னார். கேட்டலாகர் என்றால் வந்து சேரும் ஒவ்வொரு பொருளும் என்ன, யாருடையது என்று பார்த்துப் பட்டியலில் ஏற்றுகிறவர். விசாவுக்கான மனுவைக் கல்லூரியே போடும். கண்காட்சி சனிக்கிழமை திறக்கிறது, டீன் வந்து பார்ப்பார், அவர் தலையசைத்துவிட்டால் திங்கட்கிழமை மனுக் கடிதத்தில் கையெழுத்து. கையெழுத்து விழுந்துவிட்டால் நான் வேலைக்கு வந்தவள், கணவரும் மகளும் என் விசாவில் தொங்கிக்கொள்ளலாம். அன்று காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

இனி அந்தக் கண்காட்சி. கல்லூரியின் பழைய மாணவி ஒருவர் இறந்துபோய், தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். பதினோரு பெட்டிகள். எல்லாமே விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் பெண்கள். நாடக நடிகைகளின் புகைப்படங்கள், கொட்டகை வாசலில் ஒட்டும் நோட்டீஸ்கள், பெண்கள் படம் வரைந்த குழந்தைப் புத்தகங்கள், கடிதங்கள். பெட்டிகளைப் பிரித்து வரிசைப்படுத்தியது முழுக்க நான்.

ஆறாவது பெட்டியில் ஒரு நடிகை இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினாலும் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்து லண்டனில் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். சிரிப்பு நாடகக்காரி. ஒரு படத்தில் கால்சட்டை போட்டுக்கொண்டு இளவரசனாக நிற்கிறாள், இன்னொன்றில் துடைப்பத்தோடு வேலைக்காரியாக. கண்ணில் அப்படியொரு திமிர். ஒரு குறிப்பிட்ட வருடத்தோடு அவளுடைய புகைப்படங்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. அதே பெட்டியில், அதே பெயரில், அடுத்த வருடத்திலிருந்து குழந்தைப் புத்தகப் படங்கள் தொடங்குகின்றன. வாத்துகள், தொப்பி போட்ட பூனைகள், வேலியோரம் நிற்கும் சின்னப் பெண்கள்.

எனக்கு ஒரு விநாடிகூடச் சந்தேகம் வரவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும். மேடை போயிருக்கும். வீட்டில் உட்கார்ந்து பூனை வரைந்திருப்பாள். வேறென்ன நடந்திருக்க முடியும்?

இப்படி எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து கல்யாணம் வரை நான் சபா நாடகங்களில் நடித்தேன். மயிலாப்பூர், தி. நகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிற சிரிப்பு நாடகங்கள். கோபக்கார அத்தை, வாயாடி வேலைக்காரி, போலீஸ்காரரை மிரட்டும் அவர் மனைவி, இதெல்லாம் என் வேஷங்கள். நான் மேடைக்கு வந்து இடுப்பில் கை வைத்தாலே முன்வரிசை சிரிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. தொடரச் சொல்லவும் இல்லை. மாமியார் ஒரே ஒருமுறை, இனிமே அதெல்லாம் எதுக்கும்மா என்று அன்பாகத்தான் கேட்டார். நானும் எதுக்கு என்று யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு தமிழ்ச் சங்கப் பொங்கல் நாடகத்துக்கு வருடா வருடம் கூப்பிடுவார்கள். நடிக்க மாட்டேன், வேண்டுமானால் திரைச்சீலை வரைந்து தருகிறேன் என்பேன். பள்ளிக்கூட கஃபடீரியா தரையில் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி, அரண்மனையும் தென்னந்தோப்பும் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

ஆக, அவள் கதையை நான் எழுதவில்லை. என் கதையைத்தான் அவள் படத்துக்கு அடியில் எழுதினேன். எழுதும்போது இது தெரியவில்லை. ரொம்ப நன்றாக எழுதுகிறோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

தலைவிக்கும் அது பிடித்துப் போயிற்று. மேடையிலிருந்து காகிதத்துக்கு வந்த ஒரு பெண்! கண்காட்சியின் நடுப்பெட்டியே அவளுக்கு என்று முடிவு செய்தார். இடதுபக்கம் இளவரசன் புகைப்படம், வலதுபக்கம் பூனைப் படம், நடுவில் என் வரி. ப்ரோஷரின் முகப்பிலும் அதே ஜோடி. ப்ரோஷர் கட்டுக்கட்டாக அச்சாகி வந்து மேஜைக்கடியில் அடுக்கப்பட்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம். பூனைப் புத்தகங்களில் ஒன்றை எந்தப் பக்கம் விரித்து வைக்கலாம் என்று புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னட்டையின் உட்புறம் காகிதம் லேசாகப் புடைத்திருந்தது. அட்டைக்கும் ஒட்டுத்தாளுக்கும் நடுவே யாரோ ஒரு கடிதத்தைச் செருகி வைத்திருந்தார்கள். படம் வரைந்த பெண், இங்கிலாந்தின் ஒரு கிராமத்திலிருந்து, தன் பதிப்பாளருக்கு எழுதியது. மூட்டு வலியால் ஒரு வருடமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்கிறாள். பிறகு கோபம். தன் பெயரில் ஒரு நாடகக்காரி இருக்கிறாளாம். அவளுக்கு வர வேண்டிய பூங்கொத்தும் காதல் கடிதமும் தன் வீட்டு வாசலுக்கு வருகிறதாம். தபால்காரன் சிரிக்கிறானாம். நாடகக் கொட்டகைப் பக்கம் வாழ்க்கையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை, இதை அடுத்த புத்தகத்தில் அச்சடித்துப் போட முடியுமா என்று கேட்கிறாள்.

இது ஒரே ஆள் இல்லை, இரண்டு பேர். கடிதத்தின் மேலிருந்த மாதத்தையும் வருடத்தையும் பார்த்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதுதான் அதைவிட மோசம். அக்டோபரில் பெட்டி பிரிக்கும்போதே ஒரு நாடக நோட்டீஸ் கையில் கிடைத்திருந்தது. அதே வருடம், அதே மாதம், ஃபிலடெல்ஃபியா கொட்டகை ஒன்றில் நடந்த நாடகம். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய்விடக் கூடிய தூரம்தான். அதில் கொட்டை எழுத்தில் அந்த நடிகையின் பெயர், முன்னால் 'மிஸ்' போட்டு. அவள்தான் மேடையை விட்டுவிட்டாளே, இது யாரோ வேறொருத்தி என்று நானே முடிவு கட்டி, அடையாளம் தெரியாதவை என்ற உறைக்குள் போட்டு மூடியிருந்தேன். என் கதைக்கு ஒத்துவரவில்லை, அதனால் ஒதுக்கினேன். படித்த படிப்புக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

ஓடிப்போய் அந்த உறையைப் பிரித்தேன். நோட்டீஸின் ஓரத்தில், சேகரித்த அம்மாளின் கையெழுத்தில் பென்சில் குறிப்பு இருந்தது. நாடகக் குழுவின் மேனேஜர்தான் இவள் கணவர், கல்யாணமாகிப் பல வருடம் ஆயிற்று, சுற்றுப்பயணமாக அமெரிக்கா வந்திருக்கிறார்கள் என்று. புகைப்படங்கள் ஏன் நின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் லண்டனை விட்டாள், மேடையை விடவில்லை. கல்யாணமான நடிகைகளும் நோட்டீஸில் மிஸ் என்றே போட்டுக்கொள்வார்கள் என்பது அந்தக் காலத்து வழக்கம். நூலகத்தில் நாலு அடி தள்ளியிருந்த அலமாரியிலேயே அதற்குப் புத்தகம் இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

அறையில் யாருமில்லை. கடிதத்தை மடித்தேன். இருந்த இடத்திலேயே செருகினேன். நோட்டீஸை உறைக்குள் போட்டேன். புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்து, அதன்மேல் வேறு நாலு புத்தகத்தை வைத்தேன். என் கைகள் இதையெல்லாம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தன என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அப்போது தலைவி உள்ளே வந்து எல்லாம் தயாரா என்று கேட்டார். தயார் என்றேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. மகள் டைனிங் டேபிளில் ஹோம்வொர்க். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வேலை தேடி அலைந்து அவர் முகம் அந்த மாதங்களில் வற்றிப்போயிருந்தது.

"யாருக்குத் தெரியப் போகுது? மண்டே சைன் ஆகட்டும். அப்புறமா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கோ. நாலு நாள்ல என்ன குடி முழுகிடும்?"

நியாயம்தான். எனக்கே அது மத்தியானம் தோன்றிய யோசனைதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டீன் முன்னால் நின்று பொய்யை விளக்கிப் பேச என்னால் முடியாது என்றேன். அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல என்ன பெரிய பொய்? கல்யாணம் ஆச்சு, நிறுத்திட்டா. யாரும் நம்பற மாதிரிதானே இருக்கு. ஏன், நீ நிறுத்தலையா?"

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சாதாரணமாக, எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகச் சொன்னார்.

"நான் நிறுத்தினேன்னு யாரு சொன்னா? விசா ஃபார்ம்ல ஹவுஸ்வைஃப்னு எழுதினது நீங்க."

"நான் கேட்டேன். நீதான் ஏதாவது எழுதுங்கன்னு சொன்ன."

உண்மை. தொண்ணூற்றாறில், சென்னை வீட்டில், சாப்பாட்டு மேஜையில் அவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். பள்ளிக்கூட வேலையை அந்த வாரம்தான் விட்டிருந்தேன். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, ஏதாவது எழுதுங்க என்றேன். அவர் எழுதினார். சொன்னவள் நான்தான். அதற்காக ஐந்து வருடம் அவர்மேல் மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தவளும் நான்தான். மகள் தலையைத் தூக்கி, சண்டை போடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

வியாழக்கிழமை போனேன். சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நினைத்து மூன்று முறை தலைவியின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே கூப்பிட்டார். மனுக் கடிதத்தின் நகலை என்னிடம் கொடுத்து, விவரங்கள் சரியா என்று பார்க்கச் சொன்னார். இரண்டாவது பத்தியில், ஒரு நடிகையின் வாழ்க்கையை மேடையிலிருந்து சித்திரக் கலை வரை தேடிக் கண்டுபிடித்தவர் என்று என்னைப் புகழ்ந்து எழுதியிருந்தார். அவர் வாயால் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவினேன்.

அந்தக் கிராமத்துக்காரிதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்றாள். நான் அவள் இல்லை என்று கெஞ்சிக் கேட்டவள். உயிரோடு இருந்தபோது தபால்காரன் செய்ததை, அவள் செத்த பிறகு அச்சடித்து நான் செய்கிறேன். இன்னொருத்தி கடல் தாண்டி வந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரில், கணவனையும் வைத்துக்கொண்டு கால்சட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தவள். அவளைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். இரண்டு பேரில் யாரும் எதையும் விடவில்லை. விட்டவள் நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் நேராகத் தலைவியின் அறைக்குப் போனேன். கடிதத்தையும் நோட்டீஸையும் அவர் மேஜைமேல் வைத்தேன். இது இரண்டு பேர், நான் எழுதியது தப்பு என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். பென்சில் குறிப்பைப் படித்தார். மேடையை விட்டு விலகினாள் என்று எங்கே பார்த்தாய் என்று கேட்டார். எங்கும் பார்க்கவில்லை என்றேன். பிறகு எப்படி எழுதினாய்? எங்கள் பக்கம் அப்படித்தான் நடக்கும், எனக்கு அப்படித்தான் நடந்தது, அதனால் யோசிக்கவேயில்லை என்றேன்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "இதை எப்போது கண்டுபிடித்தாய்?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் தயாராகவும் இருந்தது.

"புதன்கிழமை," என்றேன்.

சுவரில் இருந்த காலண்டரை அவர் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டார். என் குடும்பத்தின் விசா உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, பயந்துவிட்டேன் என்றேன். ஆங்கிலத்தில் எனக்கு அதைவிட நல்ல வாக்கியம் அப்போது வரவில்லை. மேஜைமேல் மனுக் கடிதம் ஒரு உறையில் தயாராக இருந்தது. அதை எடுத்தார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். எனக்கு அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. எழுந்து, வா, கண்ணாடிப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றார்.

அன்று முழுக்க இரண்டு பேரும் வேலை செய்தோம். நடுப்பெட்டியை இரண்டாகப் பிரித்து, நடுவில் வெள்ளை அட்டையை நிறுத்தினோம். ஒருபக்கம் நோட்டீஸ், மறுபக்கம் அந்தக் கோபக்காரியின் கடிதம். என் பழைய வரியை நானே வெளியே எடுத்துக் கிழித்தேன். ப்ரோஷரைத் திரும்ப அச்சடிக்க நேரமில்லை. திருத்தத்தை ஒரு துண்டுச் சீட்டில் அடித்து, வெட்டி, ஒவ்வொரு ப்ரோஷருக்குள்ளும் கையால் வைத்தோம். மகளைப் பள்ளியிலிருந்து என் கணவர் போய் அழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டியா என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை டீன் வந்தார். நடுப்பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்று, தபால்காரன் சிரித்த இடத்தைப் படித்துவிட்டுத் தானும் சிரித்தார். இது இரண்டு பேர் என்று யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். தலைவி என்னைக் காட்டி, இவர்தான் என்றார். ஒரே ஆள் என்று எழுதியதும் இவர்தான் என்பதை அப்போது சொல்லவில்லை. நான் பேப்பர் கப் காப்பியை வைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை கையெழுத்து விழவில்லை. செவ்வாயும் இல்லை. நான் வழக்கம்போலப் போய்ப் பட்டியல் வேலையைப் பார்த்தேன், அவர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். இழுப்பறை மூடியே இருந்தது. கேட்க எனக்கு வாயில்லை. ஏப்ரலும் அப்படியே கழிந்துகொண்டிருந்தது. வீட்டில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. எதை விற்பது, எதைக் கொண்டுபோவது என்று கணவர் பட்டியல் போட ஆரம்பித்தார். அவர் ஒருமுறைகூட, அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தா என்று தொடங்கவில்லை. தொடங்கிவிடுவாரோ என்று ஒவ்வொரு வேளை சாப்பாட்டின்போதும் நான் காத்திருந்தேன்.

அவருடைய ப்ராஜெக்ட் முடிய ஐந்து நாள் இருக்கும்போது தலைவி கூப்பிட்டார். உறை மேஜைமேல் இருந்தது. டீனிடம் நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். தப்பையும், புதன், வியாழன் இரண்டு நாளையும் சேர்த்து. தான் கையெழுத்துப் போடும் காகிதத்தில் பாதி உண்மை இருக்கக் கூடாது, அதனால்தான் தாமதம் என்றார். கடிதத்தைப் புதிதாக எழுதியிருந்தார். இரண்டாவது பத்தியில் புகழ்ச்சி இல்லை. தான் செய்த ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்து, தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும், தாமதமாகவேனும் வந்து சொன்னவர் என்று இருந்தது. தாமதமாகவேனும் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்து அதன் கீழே இருந்தது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பென்சிலால் மேஜையைத் தட்டி, ஏழாவது பெட்டி இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்றார்.

நாங்கள் இருந்துவிட்டோம். என் கணவருக்கு அந்த வருடம் வேலை கிடைக்கவில்லை. நான் காலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அவர் எச் ஃபோர் ஆனார். மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார், கோணலாகத்தான் வந்தது. கத்திரிக்காய் வாங்கினார். கோயிலில் யாராவது இப்போ எங்கே வொர்க் பண்றீங்க என்று கேட்டால் பார்க்கிங்கில் காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார். எனக்கு அது தெரியும். நான் எத்தனையோ முறை அதே கேள்விக்கு ரெஸ்ட்ரூம் எங்கே என்று கேட்டு நழுவியவள்.

ஆகஸ்ட் கடைசியில், புதிய வகுப்புக்காக மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், நான் டைனிங் டேபிளில் உட்கார்ந்து நிரப்பினேன். அம்மாவின் வேலை என்ற கட்டத்தில் நூலகர் என்று எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். அடுத்த கட்டம், அப்பாவின் வேலை.

"இதுல என்னங்க எழுதட்டும்?"

அவர் திரும்பவில்லை. "ஏதாவது எழுது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் குரல். எழுத எனக்கு வார்த்தையா இல்லை? இரண்டு மூன்று இருந்தன, எதை எழுதியிருந்தாலும் யாரும் நம்பியிருப்பார்கள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, குழாயை நிறுத்தினேன்.

"ஏதாவது எழுத மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பேனாவைத் தொடாமல் காத்திருந்தேன்.